படுக்கைப் புண்ணும் பராமரிப்பும்

ஒரு மணி நேரச் சொற்பொழிவை மர பெஞ்சில் உட்கார்ந்து கேட்கும் மாணவன் எத்தனை முறை அசைகிறான் என்று யாரேனும் எண்ணிப் பார்த்ததுண்டா? இடப்பக்கம் சாய்கிறான்; வலப்பக்கம் சாய்கிறான்; காலை நீட்டுகிறான்; மறுபடி மடக்குகிறான். பேராசிரியரின் பேச்சில் சுவை குறைந்தது மட்டுமே இதற்குக் காரணம் என்று கொள்ள வேண்டாம். உடலின் பாரம் ஓரிடத்தையே நெடுநேரம் அழுத்தினால் அவ்விடத்துக்கு இரத்தம் போவது தடைப்படுகிறது. அந்தத் துன்பச் செய்தி நரம்பின் வழியே மூளைக்கு எட்டுகிறது, நகரும்படி கட்டளை திரும்பி வருகிறது, நாம் நகர்ந்துகொள்கிறோம். உறக்கத்திலும் இவ்வேலை நடைபெறுகிறது. இரவில் பலமுறை புரண்டு படுப்பதும் உடல் தன்னைக் காத்துக்கொள்ளும் வழியே.

செய்தியும் கட்டளையும் போய்வரும் அந்தப் பாதை அறுந்துவிட்டால் என்ன ஆகும்? அதைத்தான் இக்கட்டுரையில் சொல்ல விரும்புகிறேன். நான் மருத்துவம் பயிலும் மாணவன். கழுத்தில் அடிபட்டு வார்டில் படுத்திருப்போரில் நம் வயதினர் பலரைப் பார்க்கிறேன். ஆகவே, மருத்துவம் பயிலாத நண்பர்களும் இதனை அறிந்திருப்பது நல்லது என்று எண்ணுகிறேன்.

கழுத்தில் அடிபட்டால்

மூளையிலிருந்து இறங்கும் தண்டுவடம் முதுகெலும்பின் நடுவே, குழாய்க்குள் கம்பி செல்வதுபோலச் செல்கிறது. கழுத்தில் 7 எலும்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கின்றன. அந்த இடத்தில் தண்டுவடம் நசுங்கினால் கைகள் இரண்டும் கால்கள் இரண்டும் செயலிழக்கின்றன. இந்நிலையை மருத்துவர்கள் குவாட்ரிப்ளீஜியா என்பர். அடி எவ்வளவு மேலே பட்டதோ அவ்வளவுக்கு இழப்பும் மிகுதி. மிக மேலே பட்டால் மூச்சு விடுவதற்கே கருவி வேண்டும். கழுத்தின் கீழ்ப்பகுதியில் பட்டால் தோளும் முழங்கையும் ஓரளவு இயங்கும். விரல்களில் வலு இராது.

நம் நாட்டில் இதற்குப் பெருங்காரணங்கள் இரண்டு: சாலை விபத்து ஒன்று, உயரத்திலிருந்து விழுதல் மற்றொன்று. மரத்திலிருந்தும், கட்டடச் சாரத்திலிருந்தும், கைப்பிடிச் சுவர் இல்லாத மொட்டை மாடியிலிருந்தும் விழுவோர் பலர். ஆழம் தெரியாத நீரில் தலைகீழாகப் பாய்ந்து கழுத்தை முறித்துக்கொள்வோரும் உண்டு.

இந்நோயாளிக்கு மூன்று இழப்புகள் ஒருங்கே நேர்கின்றன. அசையும் ஆற்றல் போய்விடுகிறது. தொடு உணர்வும் வலி உணர்வும் போய்விடுகின்றன. சிறுநீர், மலம் ஆகியவற்றை அடக்கும் ஆற்றலும் போய்விடுகிறது. இம்மூன்றும் சேர்ந்துதான் படுக்கைப் புண்ணுக்கு வழி செய்கின்றன. வலி தெரியாததால் நகரவேண்டும் என்று தோன்றாது. தோன்றினாலும் நகர முடியாது. ஈரத்தில் கிடக்கும் தோலோ ஊறி மெலிந்துவிடும்.

புண் பிறக்கும் விதம்

தோலுக்கு உணவும் உயிர்வளியும் கொண்டு செல்பவை மயிரிழையினும் மெல்லிய இரத்தக் குழாய்கள். அவற்றினுள் இருக்கும் அழுத்தம் மிகக் குறைவு. தமனிப் பக்கத்தில் ஏறத்தாழ 32 மில்லிமீட்டர் பாதரச அளவுதான். எலும்பு ஒருபுறமும் படுக்கை மறுபுறமும் இருந்து நடுவிலுள்ள தசையை நெருக்கினால் இக்குழாய்கள் எளிதில் மூடிக்கொள்கின்றன. சில மணி நேரம் அப்படியே கிடந்தால் தசை மடியத் தொடங்குகிறது.

மல்லாந்து படுப்பவருக்குப் பிட்டத்தின் மேலே இடுப்பு எலும்பு புடைத்திருக்கும் இடம், குதிகால், தோள்பட்டை, பின்தலை ஆகியவற்றில் புண் வரும். ஒருக்களித்துப் படுப்பவருக்கு இடுப்பின் பக்கவாட்டிலும் கணுக்காலிலும் வரும். நாற்காலியில் உட்காருபவருக்குப் பிட்டத்தின் அடியிலுள்ள இரு எலும்பு முனைகளில் வரும். சாய்ந்து உட்கார்ந்தவர் மெல்ல மெல்லக் கீழே சரிவதும் தீங்கானதே. தோல் துணியோடு ஒட்டிக்கொண்டு நிற்க, எலும்பு மட்டும் உள்ளே வழுக்கி இறங்கும். அப்போது இடையிலுள்ள இரத்தக் குழாய்கள் இழுபட்டு நசுங்கும்.

இங்கே ஒன்றை மனத்தில் கொள்ள வேண்டும். அழுத்தம் மிகுதியாக இருப்பது தோலின் மேற்பரப்பில் அன்று; ஆழத்தில், எலும்பை ஒட்டிய இடத்தில்தான். எனவே பல புண்கள் உள்ளேதான் தொடங்குகின்றன. வெளியே சிறு துளையாகத் தெரியும்போது உள்ளே பெரும் குழி விழுந்திருக்கலாம்.

மருத்துவர்கள் இப்புண்ணை நான்கு நிலைகளாகப் பிரிப்பர். முதல் நிலையில் தோல் கிழிந்திராது, ஆனால் சிவந்திருக்கும், விரலால் அழுத்தி எடுத்தாலும் அச்சிவப்பு வெளுக்காது. இரண்டாம் நிலையில் மேல்தோல் உரியும், அல்லது கொப்புளம் தோன்றும். மூன்றாம் நிலையில் தோலுக்கு அடியிலுள்ள கொழுப்பு வரை குழி விழும். நான்காம் நிலையில் தசையும் எலும்பும் தெரியும். முதல் நிலையில் கண்டுபிடித்துப் பாரத்தை நீக்கிவிட்டால் சில நாட்களில் தோல் தேறிவிடும். நான்காம் நிலைக்குப் போய்விட்டால் மாதங்கள் ஆகும்; சிலருக்கு ஆண்டுகளும் ஆகும்.

நூல்கள் சொல்லும் இந்தச் சிவப்பு நம்மவருடைய கருநிறத் தோலில் தெளிவாகத் தெரிவதில்லை. சுற்றியுள்ள தோலைவிடக் கறுத்தோ நீலம் பாய்ந்தோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு புறங்கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். அவ்விடம் மட்டும் சூடாகவோ, குளிர்ந்தோ, கெட்டியாகவோ, சேறுபோல மெதுவாகவோ இருந்தால் அதுவே முதல் நிலை.

இரண்டு மணி நேரக் கணக்கு

கழுத்து முறிந்து கைகால் செயலற்றவரைப் பற்றி எகிப்து நாட்டின் பழைய மருத்துவச் சுவடி ஒன்றிலேயே குறிப்பு இருக்கிறது. சிகிச்சை செய்வதற்கு இல்லாத நோய் என்று அது கைவிட்டுவிடுகிறது. முதல் உலகப் போரின் காலத்திலும் நிலைமை பெரிதும் மாறவில்லை. தண்டுவடத்தில் காயம்பட்ட வீரர்களுள் பெரும்பாலோர் சில வாரங்களிலோ மாதங்களிலோ மாண்டனர். அவர்களைக் கொன்றவை பெரும்பாலும் படுக்கைப் புண்ணும் சிறுநீர்ப் பாதையில் ஏறிய கிருமிகளுமே.

இதனை மாற்றியவர்களுள் முதன்மையானவர் லுட்விக் குட்மன். ஜெர்மனியில் பிறந்த யூத மருத்துவரான அவர் நாஜிகளின் கொடுமைக்குத் தப்பி 1939இல் இங்கிலாந்து சேர்ந்தார். 1944 பிப்ரவரியில் ஸ்டோக் மாண்டவில் என்னும் ஊரின் மருத்துவமனையில் தண்டுவடக் காயத்துக்கென ஒரு பிரிவைத் தொடங்கினார். அங்கே அவர் கையாண்ட முறை மிக எளியது. இரவும் பகலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை நோயாளியைத் திருப்பிப் படுக்கவைக்கச் செய்தார். தாமே இரவில் வார்டுக்கு வந்து, திருப்பினார்களா என்று பார்ப்பார். சாவை எதிர்பார்த்துக் கிடந்தவர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள். 1948இல் லண்டன் ஒலிம்பிக் தொடங்கிய அதே நாளில் அம்மருத்துவமனைத் திடலில் சக்கர நாற்காலியில் இருந்தவர்கள் வில்வித்தைப் போட்டி நடத்தினார்கள். இன்றைய பாராலிம்பிக் போட்டிகளுக்கு அதுவே வித்து.

நம் நாட்டில் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த டாக்டர் மேரி வர்கீஸ் 1954இல் கார் விபத்தில் முதுகில் அடிபட்டு இடுப்புக்குக் கீழே உணர்விழந்தார். பிறகு சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். 1966இல் வேலூரில் தோன்றிய மறுவாழ்வு நிலையம் அவருடைய உழைப்பின் பயன்.

மருத்துவமனையில்

அடிபட்ட முதல் நாளிலேயே காவல் தொடங்க வேண்டும். கழுத்து அசையாதிருக்கக் கடினமான பலகையில் கிடத்திக் கொண்டுவருகிறார்கள். பலகை வழிப்பயணத்துக்கு மட்டுமே உரியது. அதன்மேல் பல மணி நேரம் கிடந்தால் முதல் புண் அங்கேயே உருவாகிவிடும். கழுத்து எலும்பு நிலைப்படும் வரை, தலையை ஒருவர் பிடித்துக்கொள்ள, மற்றவர்கள் உடலை ஒரே மரக்கட்டையை உருட்டுவதுபோலச் சேர்த்துத் திருப்புவார்கள்.

புண் வந்துவிட்டால் மருத்துவர் முதலில் பார்ப்பது அதன் நிறத்தை. செம்மை, ஆறும் சதையின் நிறம். மஞ்சள், செத்து இளகிய திசு. கறுப்பு, காய்ந்து செத்த தோல். செத்த பகுதியை வெட்டி நீக்கினாலன்றிப் புண் ஆறாது. இது மருத்துவரின் கத்திக்கு உரிய வேலை. வீட்டுக் கத்தரிக்கோலுக்கு உரியதன்று. குதிகாலில் காய்ந்து இறுகி நிற்கும் கரும்பொருக்கை மட்டும், சீழும் வீக்கமும் இல்லாதவரை, தொடாமல் விட்டுவிடுவது வழக்கம்.

புண்ணைக் காயவிட வேண்டும் என்றுதான் நம் பெரியோர் எண்ணினர்; மருத்துவரும் நெடுங்காலம் அவ்வாறே எண்ணினர். 1962இல் ஜார்ஜ் விண்டர் என்பவர் பன்றிகளின் தோலில் செய்த ஆராய்ச்சி இதனை மாற்றியது. மெல்லிய படலத்தால் மூடி ஈரம் காத்த காயம், காற்றில் காய்ந்த காயத்தைவிட ஏறத்தாழ இரு மடங்கு விரைவில் தோல் மூடியது. ஆகவே இன்றைய கட்டுகள் யாவும் புண்ணின் உள்ளே ஈரமும் சுற்றியுள்ள தோலில் உலர்வும் இருக்கும்படி அமைந்தவை. ஆழமான புண்ணில் நுரைப்பஞ்சு வைத்து மூடி, குழாய் வழியே நீரை உறிஞ்சி எடுக்கும் கருவியையும் பயன்படுத்துகிறார்கள்.

மிகப் பெரிய புண்ணுக்கு, அருகிலுள்ள தசையையும் தோலையும் இரத்த ஓட்டத்தோடு நகர்த்தி மூடும் அறுவை சிகிச்சை உண்டு. அதன்பின் பல வாரங்கள் அந்த இடத்தில் பாரமே படக்கூடாது. பிறகு நாளுக்குச் சில நிமிடங்களாக உட்காரப் பழக்குவார்கள். இதில் அவசரப்பட்டால் தைத்த இடம் பிரிந்துவிடும்.

இவை எல்லாம் நடந்தாலும் பாரத்தை நீக்காவிட்டால் ஒரு பயனும் இல்லை. விலையுயர்ந்த மருந்தைப் புண்ணில் வைத்து, அப்புண்ணின்மேலேயே நோயாளியைப் படுக்கவைத்தால் புண் வளரும்.

வீட்டில்

மருத்துவமனையில் இருப்பது சில வாரம். வீட்டில் இருப்பது வாழ்நாள் முழுவதும். எனவே வீட்டுப் பராமரிப்பே பெரிது.

முதலாவது, திருப்புதல். இடப்பக்கம், மல்லாந்து, வலப்பக்கம் என மாற்றி மாற்றி வைக்க வேண்டும். பக்கவாட்டில் செங்குத்தாக நிறுத்தாமல், முதுகுக்குத் தலையணை கொடுத்து ஏறத்தாழ 30 பாகை சாய்வில் வைப்பது நல்லது. கெண்டைக்காலின் கீழே தலையணை வைத்துக் குதிகாலை அந்தரத்தில் நிறுத்த வேண்டும். இழுக்கக்கூடாது; விரிப்போடு தூக்கி நகர்த்த வேண்டும். காற்று மெத்தை நல்ல துணை. ஆனால் அது திருப்புவதற்கு ஈடாகாது. மெத்தையின் அடியில் கையை விட்டுப் பார்த்து, நோயாளியின் எலும்பு கையில் தட்டுப்பட்டால் காற்று போதவில்லை என்று அறியலாம். நல்ல மெத்தை இருந்து, தோலும் தாங்குமானால், மருத்துவரின் யோசனைப்படி இரவில் இடைவெளியைக் கூட்டிக்கொள்ளலாம். தாய் ஒருத்தியே இரவு முழுதும் விழித்தால் பத்து நாளில் அவளும் படுத்துவிடுவாள். யார் எந்த வேளைக்கு என்று தாளில் எழுதிச் சுவரில் ஒட்டி, வீட்டார் பங்கிட்டுக்கொள்ள வேண்டும்.

நாற்காலியில் இருக்கும்போதும் 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒரு முறை முன்னாகவோ பக்கமாகவோ சாய்த்து, ஏறத்தாழ இரண்டு நிமிடம் பாரத்தை மாற்ற வேண்டும். பிட்டத்தில் புண் இருந்தால் உட்காருவதையே நிறுத்தவோ மிகக் குறைக்கவோ நேரும். நடுவில் ஓட்டை உள்ள வளையத் தலையணை உதவும் என்று பலர் வாங்குகிறார்கள். அது சுற்றிலும் உள்ள இரத்தக் குழாய்களை நெருக்கித் தீமையே செய்யும்.

இரண்டாவது, பார்த்தல். காலையும் மாலையும் உடல் முழுவதையும் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். நோயாளியும் கண்ணாடியில் தம் தோலைப் பார்த்து அறிந்திருக்க வேண்டும். படுக்கையில் பேனா மூடி, செல்பேசிக் கம்பி, பிஸ்கட் துணுக்கு, தொடையின் அடியில் சிக்கிய சிறுநீர்க் குழாய் இவை ஒன்றும் இருக்கக்கூடாது. காற்சட்டையின் பின்பையில் மறந்த பணப்பை ஒன்றே போதும், புண் உண்டாக்க. வெந்நீர்ப் பை, மடியில் வைத்த தேநீர்க் குவளை, சூடேறிய மடிக்கணினி ஆகியவை சுட்டாலும் அவருக்குத் தெரியாது. சிவந்த இடத்தை அழுத்தித் தேய்க்கவும் கூடாது. உள்ளே நைந்திருக்கும் திசு மேலும் சிதையும்.

மூன்றாவது, கட்டு மாற்றுதல். சோப்பால் கைகளைக் கழுவுக. பழைய கட்டு ஒட்டியிருந்தால் உப்பு நீரால் நனைத்து எடுக்க வேண்டும். ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் 9 கிராம் உப்பு, அதாவது ஏறத்தாழ ஒன்றரைத் தேக்கரண்டி கலந்தால் அந்த நீர் கிடைக்கும். அன்றன்று புதிதாகச் செய்து, மிஞ்சியதைக் கொட்டிவிட வேண்டும். அந்நீரால் புண்ணைக் கழுவி, சுற்றியுள்ள தோலை ஒற்றித் துடைக்க வேண்டும். குழியாக இருந்தால் உப்பு நீரில் நனைத்துப் பிழிந்த காஸ் துணியைத் தளர்வாக வைக்க வேண்டும். திணித்தால் அதுவும் ஓர் அழுத்தமே. ஆறிவரும் செம்புண்ணில் ஸ்பிரிட்டோ ஹைட்ரஜன் பெராக்சைடோ ஊற்றினால் கிருமியோடு புதுத் தசையும் சாகும். மஞ்சள்தூள், காப்பித்தூள், சாம்பல் இவற்றையும் தூவ வேண்டாம். வாரம் ஒரு முறை புண்ணின் நீளம், அகலம், ஆழத்தை அளந்து தேதியோடு குறிப்பேட்டில் எழுதிவந்தால் ஆறுகிறதா இல்லையா என்பது தெரியும். இரண்டு வாரமாகியும் முன்னேற்றம் காணாவிட்டால் மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

நான்காவது, உணவு. ஆழமான புண்ணிலிருந்து ஒழுகும் நீரோடு புரதமும் போய்விடுகிறது. புண் உள்ளவருக்கு உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 1.25 முதல் 1.5 கிராம் புரதம் வேண்டும் என்பர். 60 கிலோ எடையுள்ளவருக்கு 75 முதல் 90 கிராம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர் மட்டும் மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும். நோயாளி என்று கஞ்சியும் ரசமும் மட்டும் கொடுப்பது நம் வீடுகளில் காணும் பெரும் பிழை. முட்டை, மீன், பால், பருப்பு, கொண்டைக்கடலை, நிலக்கடலை வேண்டும். புகை பிடிப்பவர் அதனை விட்டொழிக்க வேண்டும்.

உடனே மருத்துவரை நாட வேண்டிய வேளை

புண்ணில் துர்நாற்றம், சீழ், சுற்றிலும் பரவும் சூடு, காய்ச்சல், நடுக்கம், மனக்குழப்பம் இவை தோன்றினால் காத்திருக்கலாகாது. கிருமி எலும்பிலும் இரத்தத்திலும் ஏறினால் உயிருக்கே ஆபத்து.

இன்னோர் ஆபத்து கழுத்திலும் மேல்முதுகிலும் அடிபட்டவர்களுக்கே உரியது. புண்ணோ, நிரம்பிய சிறுநீர்ப் பையோ, இறுகிய மலமோ கீழே தொல்லை கொடுத்தால் வலி தெரியாது. ஆனால் இரத்த அழுத்தம் திடீரென்று தாறுமாறாக ஏறும். மண்டையைப் பிளக்கும் தலைவலி, முகம் சிவத்தல், வியர்வை ஆகியவை அதன் அடையாளங்கள். உடனே நிமிர்த்தி உட்காரவைத்து, இறுக்கமான உடையைத் தளர்த்தி, சிறுநீர்க் குழாய் மடங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தணியாவிட்டால் தாமதமின்றி மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

செல்வம் இருந்தாலும் இவ்வாபத்து விலகி நிற்பதில்லை. திரைப்படத்தில் சூப்பர்மேனாக நடித்த கிறிஸ்டபர் ரீவ் 1995இல் குதிரையிலிருந்து விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்தார். 2004 அக்டோபரில், கிருமி ஏறிய படுக்கைப் புண்ணுக்குச் சிகிச்சை பெற்று வந்த வேளையில் அவர் இதயம் நின்றது. மறுபுறம், எஸ். ராமகிருஷ்ணன் 1975இல் பொறியியல் மாணவராக இருந்தபோது கடற்படைத் தேர்வில் விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர். அவரே 1981இல் தென்காசிக்கு அருகிலுள்ள ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தை நிறுவினார். 2020இல் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

நம்மால் ஆவது

தமிழகத்திலிருந்து தொலைவில் வாழும் நமக்கு ஒரு தனிக் கடமை இருக்கிறது. இந்நகரில் கட்டட வேலைக்கு வந்து, சாரத்திலிருந்து விழுந்த நம் ஊர்த் தொழிலாளி ஒருவரை நான் வார்டில் கண்டேன். கழுத்தில் அடி. முன்பு வேறொரு மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அனுப்பியபோது, 'ஹர் தோ கண்டே' திருப்ப வேண்டும் என்று அங்கே சொல்லியிருக்கிறார்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை என்பது பொருள். கொஞ்சம் இந்தி தெரிந்த உறவினர், 'இரண்டு மணிக்குத் திருப்ப வேண்டுமாம்' என்று தமிழில் சொல்லிவிட்டார். நம் மொழியில் மணி என்ற சொல் நேர அளவையும் குறிக்கும். கடிகாரம் காட்டும் வேளையையும் குறிக்குமல்லவா? அவர் மனைவி பகல் இரண்டு மணிக்கும் இரவு இரண்டு மணிக்கும், ஒரு நாள் தவறாமல், கணவரைத் திருப்பியிருக்கிறார். மூன்று வாரத்தில் எலும்பு தெரியும் புண்ணோடு அவர் எங்கள் வார்டுக்கு வந்து சேர்ந்தார். அந்த அம்மையாரின் அன்பில் குறை இல்லை. உழைப்பிலும் குறை இல்லை. தமிழில் தெளிவாகச் சொல்ல ஓர் ஆள் இல்லை, அவ்வளவே.

அந்த ஆளாக நம்முள் யாரும் இருக்கலாம். அதற்கு மருத்துவப் பட்டம் வேண்டியதில்லை. நம் சங்கத்தில் இந்தியும் ஆங்கிலமும் தமிழும் அறிந்தவர்கள் நிறைய இருக்கிறோம். வாரத்தில் ஓர் மாலைப்பொழுதை மருத்துவமனை வார்டில் செலவிட்டு, வீட்டுக்குப் போகும் தமிழ்க் குடும்பத்துக்குச் செவிலியர் சொல்வதை எடுத்துச் சொல்லலாம். அவர்கள் புரிந்துகொண்டதைத் திருப்பிச் சொல்லச் செய்து கேட்கலாம். 6 மணி இடம், 8 மணி மல்லாந்து, 10 மணி வலம் என்று நாள் முழுவதற்கும் ஓர் அட்டவணையைத் தமிழில் எழுதிக் கொடுக்கலாம். படுத்திருப்பவரிடமும் நேராகப் பேச வேண்டும். கை அசையாதவருக்கும் வாயும் அறிவும் இருக்கின்றன. எப்போது, எப்படித் திருப்ப வேண்டும் என்று கட்டளையிடும் உரிமை அவருக்கே உண்டு.

இவ்வேலைக்கு முன்வரும் நண்பர்கள் தங்கள் பெயரைச் சங்கச் செயலாளரிடம் கொடுக்கலாம். முதல் அட்டவணையை நான் எழுதி வைத்திருக்கிறேன். படியெடுத்துக்கொள்ள யார் வேண்டுமானாலும் கேட்கலாம்.